முனவ்வரா மூடிய கேட்

முனவ்வராவிடம் யாராவது "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால் அவளுக்குள் ஒரு சின்ன எரிச்சல் எழும். கேட்கிறவர் மேல் இல்லை, சொல்ல வேண்டிய பதிலின் மேல். டெக்சஸின் இர்விங்கில் பாதித் தமிழர்களுக்கு "ஐடி" என்ற ஒரே சொல்லில் சோலி முடிந்துவிடும். இவள் "ரயில்வே ரிப்போர்ட் போடுறேன்" என்று சொன்னால், "டிரெய்ன் லேட்டுன்னு மைக்ல சொல்வீங்களே, அதுவா?" என்று கேட்ட புண்ணியவான்கள் உண்டு. ஒரு இஃப்தாரில் ஒரு ஆன்ட்டி, "ஏம்மா, அமெரிக்காவுல டிரெய்ன்லாம் ஓடுதா?" என்றே கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவளும் "ஐடிதான் ஆன்ட்டி" என்று சொல்லிப் பழகிக்கொண்டாள்.

அவள் செய்த வேலை இதுதான். டெக்சஸில் பெரிய ரயில் கம்பெனிகள் லாபமில்லை என்று கைகழுவிவிட்ட கிளைப்பாதைகள் அங்கங்கே கிடந்தன. அப்படி ஒன்றை, நம் ஊர் மாவட்டம் போன்ற மூன்று கவுண்டிகள் சேர்ந்து வாங்கி, 'ரயில் மாவட்டம்' என்று ஒரு பொது அமைப்பை உண்டாக்கி, ஒரு சின்ன கம்பெனியிடம் ஓட்டக் கொடுத்திருந்தன. கோதுமையும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு சரக்கு ரயில் அதில் போகும், வரும். அமைப்புக்கென்று ஆபீசும் கிடையாது, ஆளும் கிடையாது. மாட்டுப்பண்ணைக்காரர், தீவனக்கடைக்காரர், ரிட்டையர் ஆன ஒரு பேங்க் மேனேஜர் என்று ஒரு போர்டு மட்டும் உண்டு. மாதம் ஒருமுறை கூடுவார்கள், காபி குடிப்பார்கள், வெயிலைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டு கலைவார்கள்.

ஆனால் பொது அமைப்பு என்று பெயர் வைத்துவிட்டால் பொறுப்பும் கூடவே வந்துவிடும். தண்டவாளம் எவ்வளவு தூரம், பாலங்கள் எந்த நிலையில் இருக்கின்றன, சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடங்கள் எவை, அங்கே கேட்டும் விளக்கும் வேலை செய்கின்றனவா, விபத்து ஏதும் நடந்ததா என்று வருஷா வருஷம் மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மானியம் நின்றுபோகும். அந்த எழுத்து வேலை இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸில் ராமசுப்ரமணியன் நடத்திய சின்ன கன்சல்டன்சிக்கு வந்தது. கன்சல்டன்சிக்குள் அது முனவ்வராவின் மேஜையில் வந்து உட்கார்ந்தது. ரயில் மாவட்டத்தின் 'ரிப்போர்ட்டிங் ஆபீசர்' என்று அவள் பெயரைத்தான் மாநில சிஸ்டத்தில் பதிந்திருந்தார்கள். கேட்க கம்பீரமாகத்தான் இருக்கும். சம்பளச் சீட்டில் அந்தக் கம்பீரத்தைத் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

கடையநல்லூர்க்காரி. திருநெல்வேலியில் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். ஒரு பெரிய கம்பெனி மூலமாக எச்-1பி விசாவில் டெக்சஸ் வந்து, அந்த ப்ராஜெக்ட் ஊற்றிக்கொண்டபோது நடுத்தெருவில் நின்றவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் ராமசுப்ரமணியன். எல்லாருக்கும் அவர் ராம் சார். அவர்தான் விசாவை மாற்றினார், கிரீன் கார்டுக்கும் பேப்பர் போட்டார். கிரீன் கார்டு வரிசை நத்தை மாதிரி நகர்ந்துகொண்டிருக்க, விசாவை மட்டும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. இந்த முறை நீட்டிப்பு இன்னும் பெண்டிங்கில் கிடந்தது. அவள் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் கணவன் ஹசன் ஒரு இந்திய மளிகைக் கடையில் மேனேஜராக இருந்தான். அதே விசாவைப் பிடித்துக்கொண்டுதான் மகள் தஹ்ஸீன் ஹைஸ்கூல் கடைசி வருஷத்தில் இருந்தாள். மூன்று பேரும் ஒரே கயிற்றில் தொங்கினார்கள், அந்தக் கயிற்றின் நுனி ராம் சார் கையில் இருந்தது. அவர் நல்ல மனுஷர் என்பதால் அது கயிறு என்பதே பல நாள் மறந்துபோகும்.

அந்த வசந்த காலத்தின் கடைசியில், வருஷ ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய வாரத்தில்தான் அந்த ஈமெயில் வந்தது. ரயில் மாவட்டத்தின் பொது முகவரிக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் விளம்பரமாகத்தான் இருக்கும். இது ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி எழுதியது. வயல்களுக்கு நடுவே, ஒரு சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கிராசிங்கில் கேட்டும் இல்லை, விளக்கும் எரிவதில்லை, மக்காச்சோளம் உயர்ந்துவிட்டால் ரயில் வருவதும் கண்ணுக்குத் தெரியாது, முன்பே போன் பண்ணியும் யாரும் வந்து பார்க்கவில்லை, என் வண்டியில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கொஞ்சம் சூடாகவே எழுதியிருந்தாள்.

முனவ்வரா அந்தக் கிராசிங்கைத் தன் பட்டியலில் தேடினாள். காணவில்லை. மேப்பில் பார்த்தால் சாலை இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. பட்டியலில் மட்டும் அப்படி ஒரு இடமே இல்லை. பழைய ரிப்போர்ட்டுகளைப் பின்னோக்கித் திறந்துகொண்டே போனாள். அவள் வேலைக்குச் சேர்ந்து போட்ட முதல் ரிப்போர்ட்டில் அது இருந்தது. எதிரே 'க்ளோஸ்டு' என்று இருந்தது. அனுப்பியவர் பெயர், முனவ்வரா.

அப்போது ஃபீல்டுக்குப் போய் ஒவ்வொரு கிராசிங்காகப் பார்த்துவிட்டு வந்து குறிப்பு எழுதியவன் மதன். கோபிச்செட்டிபாளையத்துப் பையன், இப்போது நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவள் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க்கா! என்ன அதிசயமா கூப்பிட்டிருக்கீங்க? நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மதன். அந்த சர்ச் பக்கத்து கிராசிங் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமுங்களா? கேட் கை ரெண்டும் கீழ எறங்கி அப்படியே ஜாம் ஆயி நின்னுக்கிச்சு. டிரெய்னும் வல்ல, ஒண்ணும் வல்ல. ரெண்டு பக்கமும் வண்டி நின்னு ஒரே ஹார்ன். நான்தான் ரிப்பேர்காரனுக்குப் போன் பண்ணேன்."

"நோட்ல அதை என்னன்னு எழுதுன?"

"கேட் க்ளோஸ்டுன்னு எழுதுனேன். க்ளோஸாத்தானுங்க்கா இருந்துச்சு. ஏன், என்னாச்சு?"

முனவ்வரா கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மதன் மேல் என்ன தப்பு? நம் ஊரில் ரயில்வே கேட் கீழே இறங்கினால் கேட் மூடியாச்சு, கேட் அடைச்சாச்சு, கேட் க்ளோஸ் பண்ணிட்டாங்க என்றுதானே சொல்வோம்? ரயில் போனதும் திறந்துவிடுவார்கள். அவன் அந்த அர்த்தத்தில் எழுதினான். இவளும் அந்த அர்த்தத்தில்தான் படித்தாள். மாநிலத்தின் சிஸ்டம் 'ஓப்பன்' அல்லது 'க்ளோஸ்டு' என்று நிலவரம் கேட்டது. பார்க்கப் போன அன்றைக்குக் கேட் எப்படி இருந்தது என்று கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து, வேலைக்குப் புதுசான இவள் க்ளோஸ்டு என்று தட்டிவிட்டாள். ஆனால் இந்த ஊர் ரயில்வே பாஷையில் க்ளோஸ்டு என்றால் கிராசிங்கையே எடுத்துவிட்டார்கள், சாலையை வெட்டித் தடுப்பு வைத்துவிட்டார்கள், இனி அந்த இடமே இல்லை என்று அர்த்தம். ஒரு அமெரிக்கன் எழுதியிருந்தால் கேட் கை கீழே மாட்டிக்கொண்டது என்று எழுதியிருப்பான். மதனும் முனவ்வராவும் ஒருவரையொருவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். புரியாமல் போனது மாநிலத்துக்கு மட்டும்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தானாகவே நடந்தது. வந்த ரிப்பேர்காரன் போக்குவரத்துக்கு வழிவிட இரண்டு கைகளையும் கழற்றிக்கொண்டு, புதுசு வந்ததும் மாட்டுகிறேன் என்று போனான். இல்லாத கிராசிங்குக்குப் புதுக் கை எதற்கு என்று ஆர்டர் ரத்தானது. விளக்குக்கான கரண்ட்டையும் நிறுத்தினார்கள். அடுத்த வருஷப் பட்டியலில் அந்த இடமே வரவில்லை, அதனால் பார்க்கவும் யாரும் போகவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். பழைய ஃபைல்களைப் புரட்டி இவ்வளவையும் முனவ்வரா ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள்.

ராம் சார் ரூமுக்குப் போய், ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல சார். திருத்தி அனுப்பிடலாம் சார். போன ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து அமெண்ட் பண்ணி..."

"இரும்மா, இரு. அடுத்த வாரம் போர்டு மீட்டிங். நம்ம காண்ட்ராக்ட் ரெனியூவல் அஜெண்டாவுலயே இருக்கு. ஆஸ்டின்ல ஒரு கம்பெனி நாக்கைத் தொங்கப் போட்டுட்டு காத்திட்டிருக்கான். இந்த நேரம் பார்த்து, இருக்கற கிராசிங்கை இல்லேன்னு எழுதிக் கொடுத்தது நாங்கதான்னு நாமளே போய்ச் சொன்னா, மாலை போட்டா அனுப்புவாங்க?"

"பஸ்ல பசங்க போறாங்க சார்."

"டிரெய்ன் என்ன ராக்கெட் வேகத்துலயா போகுது? ஆமை மாதிரி போகுது. எஞ்சின்காரன் ஹார்ன் அடிக்கறான். ஸ்கூல் பஸ் தண்டவாளத்துக்கு முன்னாடி நின்னு பாத்துட்டுத்தான் போகணும், அது இந்த ஊர் சட்டம். உனக்குத் தெரியாததா?"

"ரோட்டுல போறது எல்லாம் பஸ் இல்லையே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் செய்யவே வேண்டாம்னு சொல்லலை. இந்த வருஷம் இருக்கற பட்டியலையே அனுப்பிடு. ரெனியூவல் முடியட்டும். அடுத்த ரிப்போர்ட்ல புதுசா திறந்த கிராசிங் மாதிரி உள்ள சேர்த்துடலாம். யாருக்கும் தலைவலி இல்லை."

"ஒரு வருஷம் ஆகும் சார்."

"முனவ்வரா..." அவர் குரல் இறங்கியது. "உன் எக்ஸ்டென்ஷன் பெண்டிங்ல இருக்கு. இந்த காண்ட்ராக்ட்தான் உன் வேலை. காண்ட்ராக்ட் போச்சுன்னா எந்த வேலையைக் காட்டி நான் அதுக்குக் கையெழுத்துப் போட முடியும்? உன்னை மிரட்டறேன்னு நினைச்சுடாதே. எனக்கே உள்ளுக்குள்ள உதறுது. வெளிய உக்காந்திருக்கறவங்க எல்லாரோட சம்பளமும் பாதி இதுலருந்துதான் வருது."

அவர் மிரட்டியிருந்தால் தேவலை. மிரட்டுகிறவரை எதிர்த்து இரண்டு வார்த்தை பேசலாம், குறைந்தபட்சம் மனசுக்குள்ளாவது திட்டிக்கொள்ளலாம். அவர் கை துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தது. நடுத்தெருவில் நின்றபோது தன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்த அதே கை. பஸ்காரப் பெண்மணிக்கு ஒரு பதில் போட்டுவிடச் சொன்னார், வந்து போட்டாள். 'தங்கள் கவலை பதிவு செய்யப்பட்டுள்ளது. உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்.' உரியவர் யார்? அதைத் தட்டிக்கொண்டிருந்தவளேதான். சென்ட் அழுத்தியபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று சாப்பாட்டின்போது ஹசனிடம் சொன்னாள். அவன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"தெரியாமத்தானே செஞ்ச? வேணும்னா செஞ்ச?"

"தெரியாமத்தான் மச்சான். இப்ப தெரிஞ்சுபோச்சே."

"தஹ்ஸீன் ஸ்கூலை முடிக்கட்டும். காலேஜ்ல எடம் கெடைக்கிற நேரம். இப்பப் போயி ஊருக்குப் பொட்டி கட்டுனா அந்தப் புள்ள எங்க போயி நிக்கும்? நாம எங்க போயி நிப்போம்? கொஞ்ச நாள் பொறுத்துக்க."

"அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

ஹசன் எழுந்து தட்டைக் கழுவப் போனான். சாப்பாடு அதில் பாதி இருந்தது.

தஹ்ஸீன் சோபாவில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வருவது ஆங்கிலம்தான். தப்பு என்று தெரிந்தால் திருத்திவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒனக்கென்னடி தெரியும்? ஒனக்காகத்தான் இவ்வளவும்!" என்று முனவ்வரா கத்திவிட்டாள்.

"என்னைக் காரணமா சொல்லாதீங்க உம்மா" என்று அதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அது சொன்னது சரிதான். ஆனால் சரியாக இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. அந்த வசதியை மகளுக்குச் செய்துகொடுக்கத்தான் அப்பாவும் அம்மாவும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்கள். முனவ்வரா அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டலாமா என்று கையைத் தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள்.

ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய கடைசி நாளும் வந்தது. எல்லாப் பக்கமும் தயார். கடைசிப் பக்கத்தில், 'இதில் உள்ள விவரங்கள் அனைத்தும் எனக்குத் தெரிந்தவரை உண்மை' என்று ஒரு வரியும் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கட்டமும். அந்தக் கட்டத்தைத் தட்டினால்தான் அனுப்பும் பொத்தான் வரும். இத்தனை வருஷமாக அந்த வரியை அவள் படித்ததேயில்லை. யார்தான் படிக்கிறார்கள்? 'எனக்குத் தெரிந்தவரை' என்ற சொல் இப்போது அவளைப் பிடித்துக்கொண்டது. போன வருஷம்வரை அது உண்மையாக இருந்தது. தெரியாமல் இருந்தவரை அவள் யோக்கியமானவள்.

ராம் சார் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, அனுப்பியாச்சா என்று சைகையில் கேட்டார். இதோ என்று தலையாட்டினாள். மனசு என்ன சொன்னாலும் தலை ஆடிவிடுகிறது, நம் ஆட்களுக்கு அப்படி ஒரு தலை. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "வயிறு சரியில்ல, கொஞ்சம் வெளிய போயிட்டு வாரேன்" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

எங்கே போகிறோம் என்று காரை எடுத்தபோது அவளுக்கே தீர்மானமாகத் தெரியாது. ஃப்ரீவேயில் ஏறி வடக்கே திரும்பியதும் தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் முடிந்து, அபார்ட்மெண்ட்கள் முடிந்து, கட்டிக்கொண்டிருக்கிற வீடுகளும் முடிந்து, வயலாக வந்தது. இத்தனை வருஷம் அந்த ரயில் மாவட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், ஒருமுறைகூட அந்தத் தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தானே போய்ப் பார்த்துவிட்டால் ஒருவேளை பயப்படும்படி ஒன்றும் இருக்காது, நிம்மதியாகத் திரும்பி வந்து பொத்தானை அழுத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவள் வீரத்தோடு அங்கே போகவில்லை.

சர்ச் வந்தது. காரை ஓரமாக நிறுத்தி இறங்கினாள். சாலையின் இரண்டு பக்கமும் கையில்லாத கேட் கம்பங்கள் நின்றன. விளக்குக் கண்ணாடியில் யாரோ துப்பாக்கியால் சுட்டு விளையாடியிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு ஸ்கூல் பஸ் வந்தது. தண்டவாளத்துக்கு முன்னால் நின்றது, ஓட்டுகிற பெண்மணி கதவைத் திறந்தாள், ஜன்னலைத் திறந்தாள், பின்னால் திரும்பி ஏதோ அதட்டினாள். உள்ளே கூச்சல் அப்படியே அடங்கியது. அவள் தலையைச் சாய்த்துக் காதால் கேட்டாள். கண்ணை நம்ப முடியாத இடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு அவள் காது மட்டும்தான் கேட். பஸ் மெதுவாகத் தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. அந்தப் பெண்மணி போகிற போக்கில் முனவ்வராவைப் பார்த்துக் கையசைத்தாள். பதில் போட்டவள் இவள்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ரயில் ஹார்ன் கேட்டது. சோளப் பயிருக்கு மேலே எஞ்சினின் நெற்றி மட்டும் தெரிந்தது. ஆமை வேகம் என்றாரே ராம் சார், ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே ஆமைதான். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு டெலிவரி வேன் வந்தது. பாட்டு அலறிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கவேயில்லை.

"ஏய்! நில்லு! நில்லுடா!" என்று முனவ்வரா கையை வீசிக்கொண்டு ஓடினாள். கடையநல்லூர்த் தமிழில் கத்தினால் டெக்சஸ் வேன் நிற்குமா? எஞ்சின் நீளமாக ஊளையிட, வேன் தண்டவாளத்தைத் தாண்டி அவளை உரசிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே எஞ்சின் குறுக்கே வந்துவிட்டது. வேன் ஓட்டியவன் சின்னப் பையன், போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தான் பிழைத்ததே அவனுக்குத் தெரியாது. இன்னொரு வீட்டில் பெல் அடித்து ஏதோ பார்சலைக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தான்.

ரயில் பெட்டி பெட்டியாகக் கடந்து முடிக்கும்வரை முனவ்வரா சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கம்பத்தில் ஒரு நீலப் பலகை தெரிந்தது. கிராசிங்கின் நம்பரும், கோளாறு இருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று ஒரு போன் நம்பரும். இது நல்ல வழியாகப் பட்டது. வழியில் போகிற யாரோ ஒருத்தி சொன்னது போலச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும். ராம் சாருக்கும் நஷ்டமில்லை, தனக்கும் நஷ்டமில்லை. இவ்வளவு சுலபமான ஒன்றை இத்தனை நாள் யோசிக்காமல் போனோமே என்று அவசரமாக நம்பரை அழுத்தினாள்.

ரயில் ஓட்டுகிற கம்பெனியில் ரயில்களை அனுப்பி வைக்கிற டிஸ்பாச்சர் எடுத்தான். அவள் கிராசிங் நம்பரைப் படித்தாள். கேட் கையில்லை, விளக்கு எரியவில்லை, இப்போதுதான் ஒரு வேன் மயிரிழையில் தப்பியது என்று மூச்சிரைக்கச் சொன்னாள்.

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "மேடம், நம்பரை இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள்.

"அது க்ளோஸ்டு மேடம். அங்க கிராசிங் கிடையாது."

"நான் அதுல நின்னுக்கிட்டுத்தான் பேசுறேன்."

"புரியுது மேடம். ஆனா சிஸ்டத்துல க்ளோஸ்டுன்னு இருந்தா என்னால புகார் டிக்கெட் போட முடியாது. டிக்கெட் இல்லாம ரிப்பேர் ஆளை அனுப்ப முடியாது. முன்னாடியும் யாரோ ஒரு பஸ் டிரைவர் கூப்பிட்டாங்க, அவங்ககிட்டயும் இதையேதான் சொன்னேன்." அவனுக்கே அது கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தான். "அந்தப் பட்டியல் எங்களோடது இல்ல. ரயில் மாவட்டம் மாநிலத்துக்குக் கொடுக்கறது. அதை மாத்தணும்னா அவங்களோட ரிப்போர்ட்டிங் ஆபீசர் ஒருத்தர்தான் மாத்த முடியும். அவரைக் கண்டுபிடிச்சு நீங்களே பேசிப் பாருங்களேன்."

முனவ்வரா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். அவன் இன்னும் அவள் பெயரைக் கேட்கவில்லை. சரி, முயற்சி பண்ணுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டால் முடிந்தது. காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு சாயங்காலத்துக்குள் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிடலாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ராம் சாரின் கை நினைவுக்கு வந்தது. பாதிச் சோற்றோடு ஹசன் தட்டைக் கழுவப் போனது வந்தது. மகள் சாத்திய கதவு வந்தது. மூன்று பேருக்கும் அவள் கடன்பட்டிருந்தாள். போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போன அந்தப் பையனுக்கு அவள் எந்த விதத்திலும் உறவில்லை. அவனுடைய அம்மா இந்த நேரம் எங்கேயோ சமைத்துக்கொண்டிருப்பாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்த ரிப்போர்ட்டிங் ஆபீசர் நான்தான்."

"சாரி?"

"நான்தான். இதை க்ளோஸ்டுன்னு போட்டதும் நான்தான். தப்பாப் போட்டுட்டேன். இது க்ளோஸ் ஆகலை. இங்க ரோடு இருக்கு, ரயில் வருது, ஸ்கூல் பஸ் போகுது. இப்பவே ஆளை அனுப்புங்க. எழுத்துல இன்னைக்கே அனுப்பிடறேன்."

"இந்தக் கால் ரெக்கார்டு ஆகுது மேடம். தெரியும்தானே?"

"தெரியும்."

"சரி. உங்க பேரு?"

சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னான். காபிக் கடையில் பெயர் கேட்டால் 'மோனா' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவள், கையில்லாத இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு எழுத்தும் விடாமல் முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அவன் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்தான். நடுவில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்தப் பெயரில் இந்த டெக்சஸில் யாரும் கிடையாது. அப்படியே விட்டுவிட்டால், தேடினாலும் அவள் கிடைக்க மாட்டாள். "கரெக்டா மேடம்?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள் முனவ்வரா. அந்த எழுத்தைத் திருத்தினாள்.